படிப்பு ஏறாத பிள்ளைக்கா இந்தத் துறை?

ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, பையனுக்கு ரிசல்ட் சுமார்தான். படிப்பு ஏறல. உங்க ஹோட்டல் லைன்ல ஏதாச்சும் பார்த்துச் சேர்த்து விடுங்களேன்." அழைப்பவர்கள் உறவுக்காரர்கள், கோவிலில் பழக்கமானவர்கள், என்னோடு படித்தவர்கள். பிள்ளை மேல் அக்கறை இருப்பதால்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "படிப்பு ஏறல" என்பதையும் "ஹோட்டல் லைன்" என்பதையும் ஒரே மூச்சில் முடிச்சுப் போடுகிறார்களே, அது எனக்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. படிப்பு வராதவன் போய் ஒதுங்குகிற இடமாகத்தான் நம் வீடுகளில் சுற்றுலாத் துறை இருக்கிறது. பள்ளிகளிலும் நிலைமை அதுதான். ஆலோசனை ஆசிரியர் நான்காம் படிவத்துப் பின்வரிசைப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்து என் முன்னால் உட்கார வைத்த பள்ளிகளும் உண்டு.

நான் பல ஆண்டுகள் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் தங்கும் விடுதிகளில், விருந்தினரை வரவேற்கும் கவுண்டரில், அதாவது ஃப்ரண்ட் ஆபிஸில் இருந்தவள். இப்போது இடைநிலைப்பள்ளிகளுக்குப் போய் மாணவர்களோடு பேசுகிறேன், பயிற்சி நடத்துகிறேன். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது ஒரு நாள் நின்று பார்த்தால் போதும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் மாறி மாறிப் பேச வேண்டும், கொஞ்சம் ஹொக்கியன் தெரிந்தால் இன்னும் நல்லது. இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்கும் வெளிநாட்டுக்காரரிடம், அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி ஏன் தனியாகக் கேட்கிறோம், பக்கத்தில் நிற்கும் மலேசியரிடம் ஏன் கேட்கவில்லை என்று அவர் முகம் கோணாமல் விளக்க வேண்டும். 2017 செப்டம்பரில் அந்த வரி வந்த புதிதில் கவுண்டரில் நடந்த வாக்குவாதங்கள் எங்கள் வயதுக்காரர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அறைகள் எல்லாம் நிரம்பி, முன்பதிவு செய்தவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கும் இரவில், யாரை எந்த விடுதிக்கு மாற்றி அனுப்புவது, வண்டிக் காசு யார் கொடுப்பது, மறுநாள் அவரை எப்படித் திரும்பக் கூட்டி வருவது என்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். படிப்பு ஏறாத பிள்ளைக்கு ஏற்ற வேலை இது என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறோம்?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விசா விலக்கு கிடைத்தது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமே வந்துவிட்டது. 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை நின்றால் தெரியும்: தாத்தா, பாட்டி, கைக்குழந்தை சகிதமாகத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக நடக்கின்றன. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில், விஷயம் தெரிந்து பதில் சொல்ல ஆளில்லை. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் பிறையிலும் பட்டர்வொர்த்திலும், இந்தப் பக்கம் ஜெலுத்தோங்கிலும் எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தை முடித்துவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். தொழிற்சாலை வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. இதுவும் ஒரு வழி என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சொல்கிற கொஞ்சமும் எப்படிச் சொல்கிறோம்? தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி என்ற பெயரில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, திரையில் கப்பல், விமானப் பணிப்பெண், நீச்சல் குளம் எல்லாம் காட்டுகிறோம். அப்புறம் தலைமுடி எப்படி வார வேண்டும், நகம் எப்படி வெட்ட வேண்டும், எப்படிப் புன்னகைக்க வேண்டும். அப்புறம் மனப்பாடம் செய்ய நாலு ஆங்கில வாக்கியம். கடைசியாக ஒரு தனியார் கல்லூரியின் கையேடு. பிள்ளைகள் கைதட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். எந்த வேலைக்கு எந்தத் திறமை வேண்டும், அது தன்னிடம் இருக்கிறதா என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அந்த மண்டபத்தில் நடந்து முடிந்துவிடுகிறது.

மூன்று மணிக்கு முன்னால் வந்தவர்கள்

பெருநிலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. நூலகத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதுதான் ஹோட்டல் கவுண்டர் என்று வைத்துக்கொண்டோம். நான் கொடுத்த சூழ்நிலை இது: திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம், கோலாலம்பூரில் இறங்கி இரவு பஸ் பிடித்துப் பினாங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏழு அறைகள் பதிவு செய்திருக்கிறார்கள். மணி காலை பத்து. செக்-இன் மதியம் மூன்றுக்கு. அறைகள் தயாராக இல்லை. நான் மூத்த மகன் போல் கோபமாகப் பேசினேன். தமிழாசிரியை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாட்டியாக நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

முதலில் வந்த மாணவர்கள் எல்லாரும் நிமிர்ந்து நின்று "சாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ் சார், செக்-இன் இஸ் அட் த்ரீ" என்று சொன்னார்கள். தமிழில் பேசும் ஒருவரிடம் அத்தனை பேரும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். சொன்னதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் பாட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை வாயே திறக்காமல் கடைசி மேசையில் இருந்த ஒரு பெண்ணைப் போகச் சொன்னேன். அவள் கவுண்டருக்குப் பின்னால் போகவே இல்லை. நேராகப் பாட்டியிடம் போனாள். "பாட்டி, ராத்திரி பூரா வண்டியிலயா வந்தீங்க? கால் வீங்கியிருக்கா? இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உட்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அங்கிள், பாட்டிக்கு மாத்திரை போடணுமா? பசியாறிட்டீங்களா? பக்கத்துல சைவக் கடை இருக்கு, பெட்டியெல்லாம் இங்க வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்குறேன்" என்றாள். கோபமாக நடிக்க வேண்டிய எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. நூலகமே அமைதியாகிவிட்டது.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. விசாரித்ததில் தெரிந்தது: ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் பாதையில் அவர்கள் குடும்பம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறது. சிறு வயதிலிருந்தே அங்கே நிற்கிறாள். வெயிலில் மயங்குபவர், காவடி தூக்கி வருபவர், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர், மோர் கேட்டு மூன்றாம் முறை வரும் வெள்ளைக்காரர் எல்லாரையும் பார்த்துப் பழகிய கண் அது. யாருக்கு முதலில் என்ன வேண்டும் என்று ஒரு பார்வையிலேயே கண்டுபிடிக்கிறாள். அவளுடைய பள்ளிக் கோப்பில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அதனால் அது ஒரு திறமை என்றே அவளுக்குத் தெரியாது.

இத்தோடு நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, விருந்தோம்பல் நம் பிள்ளைகளின் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று நான் மேடையில் பேசியிருக்கலாம், கைதட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பெண் அடுத்த நிமிடமே இன்னொன்றும் சொன்னாள்: "கவலைப்படாதீங்க அங்கிள், பன்னெண்டு மணிக்கெல்லாம் எல்லா ரூமும் கொடுத்துடுறேன்." அவள் கையில் ஓர் அறைகூட இல்லை. மனசு கேட்காமல் சொல்லிவிட்டாள். சரி, இப்போது மணி பன்னிரண்டு என்று நான் சொன்னேன். "நீதானேம்மா பன்னெண்டுன்னு சொன்ன?" என்று திரும்ப வந்து நின்றேன். அவள் தரையைப் பார்த்தாள். இந்தத் துறையில் புதிதாகச் சேரும் நல்ல பிள்ளைகள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். அலட்சியமாக இருப்பவனுக்கு இந்த வலி வருவதே இல்லை. இளகிய மனசுக்காரர்கள் இல்லாத அறையை வாக்குக் கொடுத்துவிட்டு, மதியம் வரை வசவு வாங்கி, ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் அன்று மீதி நேரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்துக்கே செலவழித்தோம். அறைப் பட்டியல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன். எந்த அறையில் விருந்தினர் இன்னும் இருக்கிறார், எது காலியாகிச் சுத்தம் செய்யாமல் கிடக்கிறது, எது சுத்தமாகி மேற்பார்வையாளர் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து மணிக்குக் காலியானவை மூன்றுதான். மற்றவர்கள் வெளியேறப் பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது. ஓர் அறையைச் சுத்தம் செய்ய அரை மணிக்கு மேல் ஆகும், அந்த மாடியில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பதினோரு மணிக்கு இரண்டு அறை உறுதியாகத் தரலாம், மற்றவை மூன்று மணிக்கு, நடுவில் எதுவும் சொல்லக் கூடாது என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த இரண்டு அறையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. பாட்டிக்கு ஒன்று, சரி. இன்னொன்று கைக்குழந்தைக்காரிக்கா, சத்தம் போடும் மூத்த மகனுக்கா? சத்தம் போடுபவருக்குக் கொடுத்தால் சீக்கிரம் அடங்கிவிடுவார் என்றான் ஒருவன். அவரே குழந்தைக்குக் கொடுங்கள் என்று சொல்கிற மாதிரி நாம் கேட்கலாமே என்றாள் அதே பெண். இந்த விவாதத்தை எந்தப் பாடப்புத்தகத்தில் இருந்து நடத்த முடியும்?

அன்றிலிருந்து என் பயிற்சியின் வடிவமே இதுதான். பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருப்பதை முதலில் கண்டுபிடித்து, அவர்களுக்கே தெரியும்படி எடுத்துக் காட்ட வேண்டும். பிறகு அதைத் தாங்கி நிற்கும் தொழிலறிவைச் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதவே போதாது.

ஊரைத் தெரியாத வழிகாட்டி

இன்னொரு குறை, இதை இன்னும் கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமானது. அந்தப் பட்டியலுக்குள் வரும் தெருக்களில் எத்தனை நம் ஆட்கள் வாழ்ந்து கட்டியவை! லெபோ குயினில் மகாமாரியம்மன் கோவில் 1833-இல் எழுந்தது. நடந்து போகும் தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், லெபோ சூலியா பக்கம் நாகூர் தர்கா, லெபோ பினாங்கில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள். அதே நடையில் சீனர்களின் குவான் யின் கோவிலும் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் வந்துவிடும். இன்று உலகமே வரிசையில் நின்று சாப்பிடும் நாசி கண்டார், தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கொண்டுபோய் விற்ற சோறு. ஆனால் என் மாணவர்களிடம் ஜார்ஜ்டவுனில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் முதலில் வருவது ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓவியம். 2012-இல் வரைந்த அழகான ஓவியம்தான், நானும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன். ஆனால் திருச்சிக்காரப் பாட்டி அதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தார்?

பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தர புதிதாக ஒரு பாடம் வேண்டியதில்லை. நாங்கள் செய்வது இது: ஆளுக்கு ஓர் இடம், நான்கு நிமிடம், முதலில் தமிழில், பிறகு மலாயிலோ ஆங்கிலத்திலோ. கைப்பேசியிலிருந்து ஒரு வாக்கியம்கூட எடுக்கக் கூடாது. அங்கே இருக்கும் ஒருவரிடமாவது பேசிவிட்டு வர வேண்டும். ஒரு மாணவன் மாலை கட்டுபவரிடம் போய் உட்கார்ந்து, தைப்பூச வாரத்தில் பூ எங்கிருந்து வருகிறது, மழை பெய்தால் விலை என்ன ஆகும், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். நான்கு நிமிடம் போதாமல் தவித்தான். அதுதான் வழிகாட்டிக்குத் தேவையான முதல் பசி. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும், கேட்பவர் முகம் வாடும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நடந்து நடந்துதான் வரும்.

பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியாகப் போக முடியாது. 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, சுற்றுலா அமைச்சிடம் உரிமம் வாங்க வேண்டும். நாடு முழுவதும் அழைத்துப் போகிறவர்களுக்கு நீல அட்டை, குறிப்பிட்ட வட்டாரத்துக்கோ இயற்கைத் தளத்துக்கோ உரியவர்களுக்குப் பச்சை அட்டை. நாங்கள் நடத்துவது பள்ளிப் பயிற்சி, அவ்வளவுதான். ஆனால் தேர்வுக்குப் போகும் வயது வரும்போது, ஊரைத் தெரிந்தவனாகப் போவதற்கும் குறிப்பேட்டை உருப்போட்டுப் போவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சம்பளத்தை மறைக்க வேண்டாம்

இதையெல்லாம் சொல்லி ஆசை காட்டிவிட்டு, சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காமல் வருவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். தொடக்கச் சம்பளம் குறைவுதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. பல விடுதிகளில் புதிதாகச் சேர்பவருக்கு அதை ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். அதற்கு மேல், விருந்தினர் பில்லில் வாங்கும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதாவது சர்விஸ் சார்ஜ், பணியாளர்களுக்குள் பாயிண்ட் கணக்கில் பிரிந்து வரும். நல்ல மாதத்தில் கை கொடுக்கும், ஆள் வராத மாதத்தில் கொடுக்காது. அந்தப் பணத்தைக் காட்டிக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஈடுகட்டக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வேலை நேரம் வாரத்துக்கு 45 மணியைத் தாண்டினால் ஓவர்டைம். இதெல்லாம் ஐந்தாம் படிவத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. சம்பளச் சீட்டு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இ.பி.எஃப். என்ற சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்தது போக மிச்சம் என்ன என்று பார்க்கச் சொல்வேன். அந்த வகுப்பில் தூங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாமல் போகலாம். பள்ளி விடுமுறையும் பண்டிகையும் சேர்ந்து வரும் நாட்களில்தான் அறைகள் நிரம்புகின்றன. கால் வலிக்கும். ஹவுஸ்கீப்பிங்கில் இடுப்பு வலிக்கும். இதைத் தெரிந்துகொண்டு "எனக்கு வேண்டாம் டீச்சர்" என்று சொல்லும் பிள்ளையை நான் மெச்சுகிறேன், அவனுக்கு இன்னொரு வழி இருக்கும். தெரிந்துகொண்டும் வருகிறவருக்கு மேலே போகப் படிகள் உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ், தொழிற்கல்லூரி, பாலிடெக்னிக், ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். வழியாகப் பல்கலைக்கழகம். என்னோடு பெட்டி தூக்கும் வேலையில் சேர்ந்தவர் இன்று ஒரு விடுதியின் செயல்பாட்டு மேலாளர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இந்த வரிசைக்கு வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கீழ்ப்படியில் மட்டும் நம் முகங்களும், வருமானத்தையும் விலையையும் தீர்மானிக்கும் மேல்மாடி அறையில் வேறு முகங்களும் இருந்தால், அது நமக்குப் போதுமா?

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு வேறொரு பயம் இருக்கிறது. ஹோட்டல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிடுகிறது. மது பரிமாறும் இடம், கண்ட நேரத்தில் கண்ட ஆட்கள் வருமிடம், கல்யாணப் பேச்சு வரும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்வதில்லை. என் அப்பாவும் முதல் மாதம் முழுக்க ஷிப்ட் முடியும் நேரத்தில் மோட்டார் சைக்கிளோடு விடுதி வாசலில் நின்றவர்தான். பயத்தைக் கேலி செய்தால் போகாது, கண்ணால் பார்த்தால் கொஞ்சம் போகும்.

அதனால் அடுத்த நீண்ட விடுமுறையில் பிள்ளைகளோடு பெற்றோரையும் சேர்த்து அழைத்துப் போகப் போகிறேன். ஒரு விடுதி சம்மதித்திருக்கிறது. வரவேற்பு மண்டபத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் பின்பக்கம்: சலவைக் கூடம், பணியாளர் உணவகம், உடை மாற்றும் அறை, கேமராக்கள் இருக்கும் பாதுகாப்பு அறை, இரவுக் கணக்கு முடிப்பவரின் மேசை. பெற்றோர் மேலாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறேன். தொடக்கச் சம்பளம் எவ்வளவு, சர்விஸ் சார்ஜ் அதற்கு மேலா, உள்ளேயா? ஷிப்ட் அட்டவணை எத்தனை நாள் முன்னால் கிடைக்கும்? விருந்தினர் தவறாக நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்ன பெண்ணுக்கு என்ன நடக்கும்? இரவு பதினோரு மணிக்கு ஷிப்ட் முடிந்தால், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை எப்படி வீடு போய்ச் சேர்வாள், வண்டி யார் பொறுப்பு? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத விடுதியில், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று அந்தத் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன்.